ரஃபேல் ஓவியங்களுக்கு நடுவே ஒரு ராம்ப் வாக்: லண்டன் வி அண்ட் ஏ-யின் ‘ஃபேஷன் இன் மோஷன்’

லண்டன் ஃபேஷன் வீக்கின் முக்கியமான காட்சிகளுக்கு இன்றும் அழைப்பிதழ் வேண்டும். கடைகளுக்காகக் கொள்முதல் செய்பவர்கள், பத்திரிகையாளர்கள், பிரபலங்கள் ஆகியோரின் உலகம் அது. அதே ஊரில், சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (சுருக்கமாக வி அண்ட் ஏ) அருங்காட்சியகத்தில், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் போய் உட்கார்ந்து முழுமையான ஒரு ராம்ப் ஷோவைப் பார்த்துவிட்டு வரலாம். ‘ஃபேஷன் இன் மோஷன்’ என்ற இந்த நிகழ்ச்சி 1999-இல் தொடங்கியது. ஆடை என்பது உடம்பில் ஏறி அசையும்போதுதான் முழுமை பெறுகிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பொம்மையின்மேல் அதில் பாதி காணாமல் போய்விடுகிறது என்ற நியாயமான எண்ணத்திலிருந்து பிறந்தது. ஆரம்ப ஆண்டுகளில் மாடல்கள் அருங்காட்சியகக் கூடங்களின் வழியே, பார்வையாளர்களுக்கு இடையிலேயே நடந்து போனார்கள். கூட்டம் பெருகிய பிறகு இருக்கை, விளக்கு, இசை எல்லாம் சேர்ந்து, ரஃபேல் கூடத்தில் நடக்கும் முறையான கேட்வாக்காக மாறியது.

அலெக்சாண்டர் மெக்வீன், மிசோனி, கிறிஸ்டியன் லக்ருவா, கென்சோ, கேரத் பியூ, எர்டெம் என்று இங்கே வந்து போன வடிவமைப்பாளர்கள், ஃபேஷன் நிறுவனங்களின் பட்டியல் நீளமானது. 2007 செப்டம்பரில் நம்மூர் மனீஷ் அரோரா வந்தார். ராக் பாடகர் டேவிட் போவியின் மேடை உடைகளால் உலகப் புகழ் பெற்ற கன்சாய் யமாமோட்டோ 2013 நவம்பரில் வந்தார். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நடக்கும். ஒரே நாளில் அதே காட்சியைச் சில மணி நேர இடைவெளியில் பல முறை நடத்துவார்கள். ஒவ்வொன்றும் கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

கால் மணி நேரக் காட்சிக்காக லண்டனின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ரயிலேற வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே எங்கள் பதில். அதற்கு முதல் காரணம் மேடையில் வரும் உடைகள் அல்ல, மேடை போட்டிருக்கும் அந்தக் கூடம். அதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஒரே நுழைவில் இரண்டு நிகழ்ச்சி கிடைக்கும். தெரியாமல் போனால் அழகான பின்னணியில் கொஞ்சம் துணி பார்த்ததோடு சரி.

கூடத்தின் எண் 48ஏ. தரைத்தளத்தில், வளைந்த உயரக் கூரையோடு இருக்கிறது. 2021-இல் புதுப்பித்தபோது சுவர்களுக்கு அடர்ந்த நிறம் பூசி, எதிரொலியைக் குறைக்கும் பலகைகளும் புதிய விளக்குகளும் பொருத்தினார்கள். இரு பக்கச் சுவர்களிலும் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேலின் ஏழு பிரம்மாண்ட ஓவியங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலம். வந்தவர்களில் பெரும்பாலோர் இவற்றைச் சுவரில் மாட்டுவதற்காகத் தீட்டிய படங்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை துணி நெய்வதற்கான மாதிரிகள்.

1515-இல் போப் பத்தாம் லியோ, வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் தொங்கவிடத் திரைச்சீலைகள் வேண்டும் என்று ரஃபேலிடம் பொறுப்பைக் கொடுத்தார். பேதுரு, பவுல் ஆகியோரின் வாழ்க்கைக் காட்சிகள்தான் கருப்பொருள். ரஃபேலும் அவரது பட்டறையினரும் சிறு தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கி, கரியால் கோடு போட்டு, விலங்குப் பசையில் குழைத்த வண்ணங்களைத் தீட்டி முழு அளவில் வரைந்தார்கள். பிறகு அவை பிரஸ்ஸல்ஸில் இருந்த பீட்டர் வான் ஆல்ஸ்டின் நெசவுப் பட்டறைக்குப் போயின. அங்கே ஓவியங்களை நீளவாக்கில் பட்டைகளாக வெட்டி, தறியில் பாவு நூலுக்கு அடியில் வைத்து, கம்பளி, பட்டு, பொன்முலாம் பூசிய உலோக இழை ஆகியவற்றால் நெய்தார்கள். நெசவாளி துணியின் பின்பக்கத்திலிருந்து வேலை செய்வதால், முடிந்த சீலையில் படம் இடவலம் மாறி வரும். அதைக் கணக்கில் வைத்தே ரஃபேல் வரைந்தார். முதல் ஏழு சீலைகளை 1519 டிசம்பர் 26 அன்று சிஸ்டைனில் தொங்கவிட்டார்கள். நான்கு மாதத்துக்குள், 1520 ஏப்ரலில், ரஃபேல் இறந்துவிட்டார். மொத்தம் பத்து ஓவியங்களில் எஞ்சியவை ஏழு. 1623-இல் இளவரசராக இருந்த முதலாம் சார்லஸ் அவற்றை இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வாங்க வைத்தார். அப்போதும் அவை பட்டைகளாகத்தான் கிடந்தன. அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் ஒன்றாக ஒட்டினார்கள். 1865-இல் விக்டோரியா ராணி இந்த அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்தார். இன்றுவரை அது இரவல்தான், உரிமை அரச குடும்பச் சேகரிப்புடையது.

அருகில் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கோணத்தில் பாருங்கள். ஏறத்தாழ ஒரு கஜ அகலத்துக்கு ஒன்றாக மேலிருந்து கீழே ஓடும் ஒட்டுக் கோடுகள் தெரியும். உருவங்களின் விளிம்பை ஒட்டி ஊசியால் குத்திய சிறு துளைகளும் தெரியும். கோட்டை இன்னொரு தாளுக்கு மாற்றுவதற்காகப் போட்ட துளைகள் அவை. ஆரி வேலை செய்பவர்கள் டிரேசிங் பேப்பரில் பூவும் கொடியும் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து பிளவுஸ் துணியில் இறக்குகிறார்களே, அதே வேலைதான். ராம்பில் வரும் ஒவ்வொரு கவுனுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் மேஜையில் பேப்பர் கட்டிங் கிடந்திருக்கிறது. உலகத்திலேயே மிகப் புகழ்பெற்ற பேப்பர் கட்டிங் இரு பக்கமும் தொங்கும் கூடத்தில் அந்த கவுன் நடந்து வருகிறது. இந்தப் பொருத்தம் பாரிஸிலோ மிலானிலோ வாடகைக்கு எடுக்கும் எந்த அரண்மனையிலும் அமையாது. ஆனால் இதை நிகழ்ச்சிக்கு வருபவரிடம் எடுத்துச் சொல்ல அருங்காட்சியகம் பெரிதாக முயல்வதில்லை. ஒரே ஒரு பக்கத் தாள் அச்சிட்டுக் கொடுத்தால்கூடப் போதும், பார்க்கும் கண் மாறிவிடும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். மேடை, இருக்கை, விளக்கு எல்லாம் அமைக்க வேண்டியிருப்பதால், நிகழ்ச்சி நாளில் அந்தக் கூடம் பெரும்பாலும் பொதுப் பார்வைக்கு மூடியிருக்கும். காட்சிக்காக உள்ளே போனாலும் எழுந்து சென்று ஓவியத்தை நெருங்க முடியாது, முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஓவியங்களைத் தனியாக, முன்பே ஒரு நாள் பார்த்துவிடுங்கள். அனுமதி இலவசம் என்பதால் இழப்பு எதுவுமில்லை. ஓவியங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியீடுகளை போனில் ஸ்கேன் செய்தால், மிக நுணுக்கமாக எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தலைக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் துளைகளையும் கரிக்கோடுகளையும் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. கூடத்தின் ஒரு கோடியில், தங்கத் தகடு மின்ன நிற்கும் புனித ஜார்ஜ் பீடச் சட்டகத்தையும் (தேவாலயப் பீடத்தின் பின்னால் வைக்கும் ஓவியத் தொகுதி) விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தது, ஆறு மீட்டருக்கு மேல் உயரம்.

அந்த முன்பயணத்தில் ஒரே ஒரு ஓவியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ‘மீன்பிடி அற்புதம்’ என்ற ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு படகுகள், வலை இழுக்கும் முறுக்கேறிய கைகள், கரையில் மூன்று கொக்குகள். ஓரத்துப் படகில் இயேசு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அங்கி வெள்ளையாகத் தெரிகிறது. அப்படியே பார்வையைக் கீழே இறக்கி, தண்ணீரில் விழுந்திருக்கும் அவரது நிழலைப் பாருங்கள். நிழலில் அங்கி சிவப்பு. ரஃபேல் தீட்டியபோது மேலேயும் சிவப்புதான். மேலே போட்டது மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த சாயத்தால் செய்த வண்ணம், வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. தண்ணீரில் போட்டது வேறு வண்ணப்பொடி, அது தாக்குப்பிடித்தது. ஐந்நூறு ஆண்டுகளில் வெளிச்சம் ஒரு நிறத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எந்த அருங்காட்சியகத்திலும் எளிதில் கிடைக்காது.

அந்த அங்கியைப் பார்த்த பிறகு, ராம்ப் ஷோவின் விளக்குகளைப் பற்றி இயல்பாகவே ஒரு கவலை வரும். தாளில் தீட்டிய ஓவியங்களுக்கும் பழைய துணிகளுக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் உகந்தது என்பது அருங்காட்சியகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கேட்வாக்குக்கு அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் படம் எடுக்க முடியாது. ஆனால் வெளிச்சம் செய்யும் சேதம் என்பது அளவையும் நேரத்தையும் பெருக்கி வரும் கணக்கு. 50 லக்ஸில் பத்து மணி நேரம் என்றால் 500 லக்ஸ்-மணி. ஓவியத்தின் மேல் 1000 லக்ஸ் விழுவதாக வைத்துக்கொண்டாலும் அரை மணி நேரத்தில் அதே 500-தான். எனவே குறுகிய காட்சி, மேடையை நோக்கி மட்டும் குறுக்கிய ஒளிக்கற்றை, புற ஊதாக் கதிர் இல்லாத எல்.இ.டி. விளக்கு என்ற மூன்றும் சேர்ந்தால் ஓவியத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. இங்கே சுவர்கள் இருட்டிலும் நடைபாதை வெளிச்சத்திலும் இருக்கக் காரணம் அலங்காரம் மட்டுமல்ல. போன் ஃபிளாஷை அணைத்து வைப்பதும் இதே மரியாதையின் ஒரு பகுதிதான்.

அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் உள்ள உடைகளையே ஏன் மாடல்களுக்குப் போட்டுக் காட்டுவதில்லை என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. சேகரிப்புக் கணக்கில் ஏறிய ஒரு உடையை அதன் பிறகு எவரும் உடுத்தக் கூடாது என்பது உலகம் முழுவதும் உடைப் பாதுகாவலர்கள் கடைப்பிடிக்கும் நெறி. ஒரே ஒரு முறை உடுத்தினால்கூட அக்குள் பகுதியில் வியர்வையின் உப்பும் அமிலமும் இறங்கும். பழைய பட்டு, தோள் தையலிலும் இடுப்பு மடிப்பிலும் இழை விட்டுப் பிளக்கும். மணி வேலை நிறைந்த உடையில் நூல் ஒன்று அறுந்தால் அந்த வரிசையே உதிரும். பொம்மைக்குப் போடுவதற்கே, பொம்மையின் உடம்பைத்தான் உடையின் அளவுக்குப் பஞ்சு வைத்துச் சரிசெய்வார்கள், உடையை இழுத்துப் பொருத்த மாட்டார்கள். அதனால் ‘ஃபேஷன் இன் மோஷன்’ மேடையில் வருபவை வடிவமைப்பாளர் தன்னுடைய சொந்தக் கிடங்கிலிருந்து கொண்டுவருபவை. பல சமயம் பல பருவங்களின் தேர்ந்த உடைகள் ஒரே காட்சியில் சேர்ந்து வரும். விற்பனைக்கான புதுவரவைக் காட்டும் அவசரம் இல்லை. ஒருவருடைய கை பத்து ஆண்டுகளில் எப்படி முதிர்ந்தது என்று ஒரே இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேறு எங்கே வாய்ப்பு? வணிக ஷோக்களைவிட இதை நாங்கள் உயர்வாக மதிப்பது இதனால்தான்.

இனி எங்கே உட்காருவது. இருக்கைக்கு எண் இருக்காது, முதலில் வந்தவருக்கே முதல் தேர்வு. காட்சி தொடங்கியபின் உள்ளே விட மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு முப்பது, நாற்பது நிமிடம் முன்னதாகவே வரிசையில் நின்றுவிடுங்கள். கதவு திறந்ததும் எல்லோரும் நடைபாதையின் முன்கோடிக்கு, புகைப்படக்காரர்கள் நிற்கும் பக்கம் ஓடுவார்கள். அங்கே நேர்முகம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் உடையின் பக்கவாட்டு வெட்டு தெரியாது. தையல் தெரிந்தவர்களுக்கு நாங்கள் சொல்வது, மாடல்கள் திரும்பும் இடத்துக்கு ஐந்தாறு அடி முன்னால், முதல் வரிசை. திரும்புவதற்கு முன் வேகம் ஒரு கணம் குறையும். திரும்பும்போது பாவாடையின் வட்டம் விரியும். பிறகு முதுகுப்பக்கம் கண்ணெதிரே விலகிப் போகும். மூன்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். இரண்டாம் வரிசையில் முன்னால் இருப்பவரின் தலை மறைப்பதால் முழங்காலுக்குக் கீழே தெரியாது, கீழ் ஓரமும் காலணியும் போய்விடும். முதல் வரிசை கிடைக்காவிட்டால் இரண்டாவதைவிட, உயர்த்திப் போட்ட பின்வரிசை இருந்தால் அதுவே மேல். பெரும்பாலும் முதுகுச் சாய்வு இல்லாத பெஞ்சுதான். அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதி, சாய்வுள்ள நாற்காலி கேட்டு வைப்பது நல்லது. சக்கர நாற்காலிக்கான இடத்தையும் அதேபோல் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் சுவையே இருக்கிறது. முகத்தையும் நடையையும் ஒதுக்கிவிட்டு, மூன்று இடங்களில் கண்ணை வையுங்கள்.

கீழ் ஓரம் முதலாவது. குறுக்கு இழையில், அதாவது 45 பாகைச் சாய்வில், வெட்டிய பாவாடை ஹேங்கரில் தொங்கத் தொங்க இடத்துக்கு இடம் வேறுவேறு அளவில் நீளும். நல்ல கைவேலையில் அதைத் தொங்கவிட்டு, நீளும் மட்டும் நீளவிட்டு, அதன் பிறகே ஓரத்தைச் சமமாக வெட்டி மடித்திருப்பார்கள். அப்படிச் செய்யாதது நடையில் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டு பக்கம் இறங்கியும் முன்னும் பின்னும் ஏறியும் நிற்கும். மாடல் நின்றால் தெரியாது, நாலு அடி நடந்தால் தெரியும். இந்த நிகழ்ச்சி அசைவுக்காக இருப்பதன் பொருள் இதுதான்.

அடுத்தது எம்பிராய்டரியின் எடை. மனீஷ் அரோரா போன்றவர்களின் உடையில் மணியும் ஜரிகையும் சீக்வின்ஸும் அடர்ந்து வரும். அந்த எடையை மெல்லிய துணி தனியே தாங்காது. உள்ளே ஆர்கன்சாவோ வேறு விறைப்பான துணியோ வைத்து, தோளிலும் இடுப்பிலும் உள்பட்டையில் எடையை இறக்கியிருக்க வேண்டும். அப்படி இறக்கியிருந்தால் ஆடை உடம்போடு சேர்ந்து அசையும். இறக்காவிட்டால் கழுத்து விளிம்பு முன்னால் இழுபட்டு, மாடலின் கை அடிக்கடி தோளுக்குப் போகும். வேலைப்பாடு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அந்த ஒரு கையசைவில் உள்கட்டுமானம் பிழை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது ஜிப். முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஜிப் வைத்த உடை விலகிப் போகும்போது, ஜிப்பின் அடிமுனையில் சிறு குமிழ் எழுகிறதா என்று பாருங்கள். ஜிப் நாடா நீளாது, துணி நீளும். இரண்டையும் நிதானமாகக் கைத்தையலில் பிடித்துத் தைக்காமல் மெஷினில் இழுத்து ஓட்டினால் அந்தக் குமிழ் வரும். விலை உயர்ந்த உடைகளிலும் இதைப் பார்க்கலாம்.

நடையில் நேரும் பிசகுகளுக்கும் காரணம் உண்டு. நீண்ட பின்தானையை அடுத்து வருபவர் மிதிப்பது மாடல்களுக்கு இடையிலான தூரத்தைத் தவறாகக் கணக்கிட்டதால். பாலியஸ்டர் பாவாடை காலோடு ஒட்டிச் சுருள்வது வறண்ட காற்றில் உண்டாகும் நிலைமின்சாரத்தால், உள்ளே பருத்தி அல்லது விஸ்கோஸ் லைனிங் கொடுத்திருந்தால் அது குறையும். ஒரே நாளில் பல காட்சிகள் என்பதால் முதல் காட்சியில் இருக்கும் இறுக்கம் பிந்தைய காட்சிகளில் தளர்ந்துவிடும். தேர்வு செய்ய முடிந்தால் கடைசிக்கு முந்தைய காட்சியை எடுங்கள். கடைசிக் காட்சியில் கூட்டமும் கைதட்டலும் அதிகம், ஆனால் அதற்குள் துணிகள் கசங்கத் தொடங்கியிருக்கும்.

போனில் படம் எடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. இருட்டுச் சுவரையும் சேர்த்து அளந்துவிட்டு, போன் உடையை வெளுத்துப்போகச் செய்யும். ஆகவே ராம்பின் வெளிச்சமான ஓரிடத்தைத் தொட்டு, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, அளவை ஒரு படி குறைத்து வையுங்கள். மாடல் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அழுத்துங்கள். நடையை உறைய வைக்க 1/250 வினாடி போதும். எல்.இ.டி. விளக்கால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், பிரிட்டன் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100-க்கு இறங்கிப் பாருங்கள். நடை கொஞ்சம் மங்கும், பட்டை போகும். இதையெல்லாம்விட, பழைய காட்சிகள் பலவற்றின் நல்ல காணொளிகளை அருங்காட்சியகமே தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பார்ப்பதையே நாங்கள் விரும்புவோம்.

டிக்கெட் இலவசம் என்பதே அதன் சிரமமும். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, பெயர் பெற்ற வடிவமைப்பாளர் என்றால் அதற்கும் முன்பே, தீர்ந்துவிடும். அருங்காட்சியகத்தின் மின்னஞ்சல் செய்திமடலில் பதிந்து வைப்பதே ஒரே நம்பகமான வழி. இலவசம் என்பதால் எடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் எல்லா இலவச நிகழ்ச்சிகளிலும் இருப்பார்கள். அதனால் நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் பதிவுப் பக்கத்தை அவ்வப்போது திறந்து பாருங்கள், திரும்பி வந்த டிக்கெட்டுகள் தலைகாட்டக்கூடும். உங்களால் போக முடியாவிட்டால் நீங்களும் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள், அந்த இருக்கைக்கு ஒரு ஃபேஷன் மாணவி காத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காட்சி கிடைத்தால் மிக நல்லது. மற்ற நாட்களில் 17.45-க்கு மூடும் அருங்காட்சியகம் வெள்ளியன்று இரவு 22.00 வரை திறந்திருக்கும். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனிலும், ஆல்பர்ட்டன், சவுத் ஹாரோ பக்கமிருந்து பிக்கடிலி லைனிலும் மாறாமல் சவுத் கென்சிங்டன் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து சுரங்க நடைபாதை அருங்காட்சியகத்தை நோக்கிப் போகிறது. பகலில் அது வசதி, மாலைக் காட்சிக்கு மேலே எக்ஸிபிஷன் ரோடு வழியாக நடப்பதே உறுதி. அந்தப் பக்கத்து முற்றம் 2017-இல் திறந்தது, தரை முழுதும் பீங்கான் ஓடு. ஈரத்தில் குதிகால் செருப்போடு நிதானமாக நடங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள், ஆகவே சின்னப் பை போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை லண்டன் அருங்காட்சியக விலைதான். ஆனால் ஒரு தேநீராவது வாங்கிக்கொண்டு பழைய சிற்றுண்டிக் கூடங்களில் உட்காருங்கள். அருங்காட்சியகத்துக்குள் உணவகம் என்ற வழக்கமே உலகில் இங்கேதான் தொடங்கியது. வில்லியம் மோரிஸ் நிறுவனம் அலங்கரித்த பச்சை அறையும் பீங்கான் பதித்த கேம்பிள் அறையும் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன.

நிகழ்ச்சியின் உண்மையான குறை, உடையைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் வைத்துப் படிக்க வழியில்லை என்பது. பத்து அடி தூரத்தில், சில வினாடியில் கடந்துபோகும் உடையின் உள்தையல் தெரியாது. அதற்கு மாற்றாக இப்போது அதே அருங்காட்சியகத்தின் வேறொரு சேவை வந்திருக்கிறது. 2025 மே 31 அன்று கிழக்கு லண்டனில், ஹாக்னி விக் அருகே ஒலிம்பிக் பூங்காவில், ‘வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்’ திறந்தது. சேகரிப்பிலிருந்து ஐந்து பொருட்கள் வரை இணையத்தில் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்பே பதிவு செய்தால், ஊழியர் அவற்றை மேஜைமேல் எடுத்து வைத்துக் காட்டுவார். இதற்கும் கட்டணம் இல்லை. திறந்த புதிதில் அதிகம் பேர் கேட்டது 1954-இல் ஸ்பானிய வடிவமைப்பாளர் பலென்சியாகா தைத்த இளஞ்சிவப்பு டாஃபெட்டா கவுன்.

ராம்ப் ஷோவுக்கு டிக்கெட் கிடைத்த உடனே, அதே வாரத்தில் வருகிற மாதிரி ஸ்டோர்ஹவுஸிலும் ஒரு நேரம் பதிவு செய்யுங்கள். பார்க்கப் போகும் வடிவமைப்பாளரின் உடை ஏதாவது சேகரிப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் ஒன்று. இன்னொன்று, சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமிட்ட பதினெட்டாம் நூற்றாண்டுப் பருத்தித் துணி. இந்தக் கரைத் துணிகளின் பெரிய சேகரிப்பு வி அண்ட் ஏ-யிடம் இருக்கிறது. அதில் சிவப்பு நிறம் சாயவேரிலிருந்து வந்தது. படிகாரக் கரைசலால் துணியில் பூவை எழுதி, பிறகு சாயவேர்த் தண்ணீரில் கொதிக்கவைத்தால் எழுதிய இடம் மட்டும் சிவக்கும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், நீலத்துக்கு மெழுகு மூடி அவுரித் தொட்டி. சாயவேரிலும் ரஃபேல் பட்டறையின் வேரிலும் நிறம் தரும் முக்கியப் பொருள் ஒன்றே, அலிசரின். இங்கே அது படிகாரத்தோடு கட்டுண்டு பருத்தி இழைக்குள்ளேயே இறங்கி நிற்கிறது, அங்கே பசையில் குழைத்துத் தாளின்மேல் மெல்லிய பூச்சாக இருந்தது. அதோடு இந்தத் துணிகள் பெரும்பாலான காலம் இருட்டில் மடித்துக் கிடந்தவை. மேஜைமேல் விரித்ததும், ஊழியரிடம் கேட்டு ஒரு ஓரத்தைத் திருப்பச் சொல்லுங்கள். சிவப்பு பின்பக்கம் வரை ஊடுருவியிருக்கும். கறுப்புக் கோடு ஓடிய இடங்களில் சில சமயம் இழை அரித்துச் சிறு கீறல் விழுந்திருக்கும், அது இரும்பின் வேலை. பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், மை பேனாவை மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.